முதுகு காட்டி நின்ற ஏகாம்பரம்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சுடுகாட்டுக் கொட்டகையில் மூன்று மாதம் படுத்திருக்கிறேன். மழைக்கு அதைவிட ஒழுகாத கூரை அந்த ஊரில் எனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள்கூட எதுவும் வந்து என்னை எழுப்பியதில்லை, கொசுவைத் தவிர. அப்படிப்பட்டவன் இதைச் சொல்கிறேன் என்றால், நீங்கள் நம்பினாலும் சரி, கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்றாலும் சரி, எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது தொலைக்காட்சித் தொடர்களில் ஆளை மாற்றுகிறார்கள் இல்லையா, 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று கீழே ஒரு வரி ஓடுகிறது, மறுநாள் வேறு முகம், வேறு குரல், அதே தாலி, அதே வீடு. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதுகு சில்லென்று ஆகிவிடும். ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் 'இவருக்குப் பதில் இவர்' ஆக இருந்தவன்.

அது எழுபதுகளின் தொடக்கம். அதற்கு முன்னால் நான் கூடூரில் ஓட்டலில் மேசை துடைத்தேன், செவ்வாப்பேட்டைப் பக்கம் செங்கல் சூளையில் மண் மிதித்தேன், கும்மிடிப்பூண்டியில் லாரியில் இரும்பு ஏற்றினேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், ஒருமுறை கேட்டது மறக்காது. இரும்பு ஏற்றும்போது இரண்டு விரல் நசுங்கி வேலை போனது. அப்போதுதான் நாடகக் கம்பெனி ஒன்றில் திரை இழுக்க ஆள் வேண்டும் என்றார்கள். இழுக்க எட்டு விரல் போதும் என்று சேர்ந்துவிட்டேன்.

கம்பெனியின் முதலாளியை எல்லாரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் போட்டது ஒரே நாடகம், 'ஏகாம்பரம் குடும்பம்'. ஒரே நாடகம் என்றால் ஒரே கதை இல்லை. ஏகாம்பரம் என்று ஒரு குமாஸ்தா, கோமளா என்று அவன் பெண்டாட்டி, பிள்ளை குட்டி கிடையாது, ஒரு வாடகை வீடு. மாதா மாதம் அந்த வீட்டில் ஒரு புது வம்பு வரும். ஆரணி, பொன்னேரி, செவ்வாப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, நான்கு ஊருக்கும் மாதத்துக்கு ஒரு ஞாயிறு. பதினோரு வருடமாக அப்படி ஓடிக்கொண்டிருந்தது. கும்மிடிப்பூண்டியில் மட்டும் பகல் ஆட்டம். தொழிற்சாலை ஆட்கள் ஐந்து மணி வண்டியைப் பிடிக்க வேண்டும், அதனால் இரண்டு மணிக்கு ஆரம்பித்துவிடுவோம். ஜனங்களுக்கு அது நாடகம் என்பதே மறந்துபோயிருந்தது. பழவேற்காட்டிலிருந்து மீன் விற்க வரும் ஒரு அம்மா, கூடை காலியானதும் நேரே கொட்டகைக்கு வந்து, 'கோமளா ஊட்டுக்கு' என்று சொல்லி ஒரு கைப்பிடி கருவாட்டைக் கொடுத்துவிட்டு உட்காரும்.

ஏகாம்பரமாக நடித்தவர் முனிரத்தினம். கோமளா அவருடைய சொந்த மனைவி சகுந்தலாக்கா. மேடையில் இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசுவார்கள். மேடையை விட்டு இறங்கினால் ஒரு வார்த்தை கிடையாது. நான் சேர்ந்து இரண்டு வருடத்தில், கீழே அவர்கள் இரண்டு பேரும் பேசி நான் பார்க்கவே இல்லை. அக்கா சோறு போட்டு வைப்பார், அவர் சாப்பிடுவார், அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் எல்லாரும் பேச்சை மாற்றிவிடுவார்கள். நைனா மட்டும் ஒருமுறை, "அத மட்டும் கேக்காதடா. கேட்டா உன் கணக்க முடிச்சி அனுப்பிடுவேன்" என்றார். பிறகு நான் கேட்கவில்லை.

ஆனால் பாருங்கள், குடும்பம் என்று இருந்தால் பேச வேண்டியது இருக்குமல்லவா, அதையெல்லாம் அவர்கள் மேடையில் பேசிக்கொண்டார்கள். நாடகத்தில் இல்லாத வசனம் நடுவில் வரும். "கோமளா, இந்தக் கால்வலிக்கு தைலம் வெச்சிருந்தியே, எங்க?" என்பார். "பச்சப் பெட்டில கீது, தேடறதுக்குத் துப்பில்ல" என்பார் அக்கா. ஜனம் உருண்டு சிரிக்கும். ஆட்டம் முடிந்ததும் அவர் நேரே பச்சைப் பெட்டியைத் திறந்து தைலத்தை எடுப்பார். திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எனக்குச் சிரிப்பு வராது.

எல்லாக் கதையிலும் முதல் காட்சி ஒன்றேதான். ஏகாம்பரம் ஆபீசுக்குக் கிளம்புவான், சட்டையில் பொத்தான் இருக்காது, கோமளா திட்டிக்கொண்டே போட்ட சட்டையோடு சேர்த்துத் தைத்துவிடுவாள். ஊசியில் நூல் இருக்காது, சும்மா பாவனை. அப்போது இரண்டு பேர் முகமும் கிட்டக் கிட்ட இருக்கும். ஒரு தடவை ஆரணியில் அந்த இடத்தில் முனிரத்தினம் குனிந்து அக்காவின் காதில் ஏதோ கேட்டார். யாருக்கும் கேட்கவில்லை. அக்காவின் கை நின்றுபோனது. அப்புறம் அக்கா பதில் ஒன்றும் சொல்லாமல் இல்லாத நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமை காலையில், முனிரத்தினம் ஆரணிக் கடைத்தெருவில் நாஷ்டா முடித்துவிட்டு, வாங்கின டீயைக் கையில் பிடித்தபடி தூணில் சாய்ந்தவர்தான், போய்விட்டார். டீ கொட்டக்கூட இல்லை என்று கடைக்காரர் சொன்னார்.

அக்கா அழவில்லை. ஏழெட்டு நாள் கழித்து அரிசி களைந்துகொண்டிருந்தவர், பக்கத்தில் விறகு பிளந்துகொண்டிருந்த என்னிடம் சும்மா சொல்வதுபோல் சொன்னார்.

"அவரு கடசியா ஒண்ணு கேட்டாருடா கோபாலு. நா பதில் சொல்லாம வந்துட்டேன்."

"இன்னாக்கா கேட்டாரு?"

"அத வுடு. அது போவட்டும். கேட்டவரு போயிட்டாரு, பதிலு மட்டும் என்கிட்ட கீது. இத நா யார் கையில குடுக்கிறது?"

நான் அடுத்த கட்டையை எடுத்துப் பிளந்தேன். அந்தப் பதில் அக்காவை உள்ளே இருந்து தின்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, ஒரு மாதத்தில் வளையல் முழங்கை வரை ஏறுகிற அளவுக்கு இளைத்துவிட்டார்.

இங்கே கம்பெனி முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். நைனாவின் அப்பா காலத்திலிருந்து வருவது. ஒரு வேஷக்காரர் இறந்துபோய் அந்த வேஷத்துக்கு வேறு ஆள் வந்தால், அறிவிப்பு எதுவும் செய்யக்கூடாது. புது ஆள், இறந்தவருடைய சட்டையைத் துவைக்காமல் அப்படியே போட்டுக்கொண்டு, ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அந்த வேஷத்தோடு அதிகம் நடித்தவர் யாரோ அவர் வந்து வேஷப் பேரோ முறையோ சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் திரும்பலாம். கூப்பிடாவிட்டால் திரையை இறக்கிவிட வேண்டியதுதான், அந்த வேஷமும் செத்தவரோடு போய்விட்டது என்று அர்த்தம்.

ஏகாம்பரம் போனால் நாடகம் போனது. பதினான்கு பேர் சாப்பிடுகிற கம்பெனி அது. நைனா ஒவ்வொருவராக நிற்க வைத்து அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தார். எனக்குத்தான் பொருந்தியது. வசனமும் எனக்குத் தெரியும், இரண்டு வருடமாகத் திரை ஓரத்தில் நின்று கேட்டவன்தானே. "நைனா, எனக்கு நடிக்கத் தெரியாது" என்றேன். "பசி தெரியும் இல்ல? அது போதும்" என்றார்.

பிரச்சினை நான் இல்லை, அக்கா. "வேற ஒருத்தனப் பாத்து என் வாயால ஏங்கன்னு கூப்ட மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். நைனா கெஞ்சினார். கடைசியில் அக்கா என்னிடம் வந்து, "உன் மேல ஒண்ணும் இல்லடா தம்பி. நா மேடைக்கு வரேன். ஆனா கூப்டுவனா மாட்டனான்னு எனக்கே தெர்ல. வாய் வந்தா வரும். வரலன்னா கோச்சிக்காத" என்றார். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினோம், கூப்பிடுவாரா மாட்டாரா என்று யாருக்கும் தெரியாமலே.

கொட்டகை என்பது ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சிமெண்டு கிடங்கு. சித்திரை வெயில், மேலே தகரம், உள்ளே ஐந்நூறு அறுநூறு பேர். சிலருக்கு முனிரத்தினம் இறந்த விஷயம் தெரியும், பலருக்குத் தெரியாது. கருவாட்டு அம்மா முன்வரிசையில் காலி மீன் கூடையின் மேல் உட்கார்ந்திருந்தது. நான் சட்டையைப் போட்டுக்கொண்டேன். கழுத்துப் பட்டையில் அவர் வியர்வையும் அரிதாரமும் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. இரண்டாவது பொத்தான் இல்லை. போய் முதுகைக் காட்டி நின்றேன். என் கயிற்றை அன்றைக்கு நைனாவே இழுத்தார்.

திரை ஏறியதும் கைத்தட்டல். "ஏகாம்பரம் வந்துட்டாம்பா!" என்று ஒருவர் கத்தினார். என் முகத்துக்கு நேரே பின் படுதா. அதில் ஒரு ஜன்னல், ஜன்னலில் ஒரு தென்னைமரம் வரைந்திருக்கும். அந்த மரத்துக்கு ஒரு மட்டை குறைவு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அக்காவின் வளையல் சத்தம் கேட்டது. வந்துவிட்டார். நான்கைந்து அடி பின்னால் நின்றுவிட்டார். பேச்சு இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வியர்வை காதுக்குப் பின்னால் இறங்குவது தெரிந்தது. கூட்டத்தில் ஒரு குரல், "இன்னா அண்ணி, மறுபடியும் சண்டையா?" எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர், "ண்ணா, நீயாச்சும் திரும்பு, அஞ்சு மணி வண்டி போயிடும்!" இன்னும் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பும் அடங்கியது. நைனா திரைக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதை ஓரக்கண்ணால் பார்த்தேன். இறக்கிவிடப் போகிறார். சரி, நாளைக்கு மறுபடி இரும்பு ஏற்றப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன், வேறு ஒன்றும் என் மனதில் இல்லை. தொண்டை வறண்டு இருந்தது, கனைக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

கனைப்பு வரவில்லை. வார்த்தை வந்தது.

"பாப்பா என்னத் தேடுச்சா?"

என் குரல்தான். அவர் குரல் எல்லாம் இல்லை. ஆனால் அது நான் சொன்னது இல்லை. எந்தப் பாப்பா, யார் தேடியது, எனக்கு ஒன்றும் தெரியாது. நாடகத்தில் ஏகாம்பரத்துக்குப் பிள்ளையே கிடையாது என்று முதலிலேயே சொன்னேன். வேறு யாரோ என் வாயை இரவல் வாங்கிப் பேசிவிட்டுத் திருப்பிக் கொடுத்தது போல இருந்தது.

பின்னால் அக்கா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அப்புறம் மெதுவாக நடந்து வந்தார். என் தோள்மேல் நெற்றியை வைத்தார். சட்டை நனைந்தது.

"தேடுச்சு" என்றார். கொட்டகை முழுக்கக் கேட்கிற கோமளாவின் குரலில்தான் சொன்னார், அக்காவுக்கு மேடையில் மெதுவாகப் பேச வராது. "அப்பா எங்கம்மான்னுச்சு. தோ, பேசுது பாருன்னேன். காது குடுத்துக் கேட்டுச்சு. நீங்க இன்னாவோ சொன்னீங்க, ஜனமெல்லாம் சிரிச்சுது, அதுவும் சிரிச்சுது. சிரிச்சிக்கினே என் மடில கண்ண மூடிக்கிச்சு. பயப்படல. அழுவல. அஞ்சு வருசமா இத உங்களுக்குச் சொல்லாம வெச்சிக்கினு இருந்தேனே, நா ஒரு பாவி."

அறுநூறு பேரில் ஒருவர்கூட இருமவில்லை. அவர்கள் அதை நாடகம் என்று நினைத்தார்களா, வேறு ஏதாவது நினைத்தார்களா, எனக்குத் தெரியாது.

"ஏங்க" என்றார் அக்கா. "திரும்புங்க."

நான் திரும்பினேன். ஒரு நொடி எல்லாரும் வெறித்துப் பார்த்தார்கள், அப்புறம் தகரம் அதிரக் கைத்தட்டினார்கள். அதற்குப் பிறகு நாடகம் எப்படி நடந்தது என்பது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பொத்தான் தைக்கிற இடத்தில் அக்காவின் ஊசி என் நெஞ்சில் இரண்டு முறை குத்தியது. அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆட்டம் முடிந்து படுதாவைச் சுருட்டும்போது நைனா என்னை ஓரமாக இழுத்துப்போனார்.

"யார்ரா உனக்குச் சொன்னது?"

"எத நைனா?"

அப்போதுதான் அவர் சொன்னார். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்ததாம். நான் சேர்வதற்கு மூன்று வருடத்துக்கு முன்னால், பொன்னேரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார் அக்கா. இந்த ஆட்டம் முடிந்ததும் போய்விடலாம் என்றார் முனிரத்தினம். திரைக்குப் பின்னால் துணிப்பெட்டிமேல் படுக்க வைத்திருந்தார்கள். ஏகாம்பரம் தனியாகப் பேசுகிற காட்சி ஒன்று உண்டு, கால்மணி நேரம். அந்தக் கால்மணி நேரத்தில் அக்கா மடியில் குழந்தையின் மூச்சு நின்றுவிட்டது. அவர் மேடையில் இருந்தார். அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

"நீ எவன்கிட்டயோ கேட்டு வெச்சிக்கினு பேசியிருக்க" என்றார் நைனா. நீங்களும் இதைத்தான் சொல்வீர்கள். சரி, குழந்தை விஷயத்தை யாரோ சொல்லி நான் மறந்திருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஆரணியில் முனிரத்தினம் காதில் கேட்டது அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன். "அதே கேள்விதான்டா. ஒரு சொல்லு மாறல" என்றார். சொல்லிவிட்டு இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டார். கருவாட்டுக் குழம்பு.

கருவாடு என்றதும் இன்னொன்று. அந்த மீன்கார அம்மா போகும்போது என் கன்னத்தைத் தட்டி, "நல்லா பண்றடா தம்பி, குறையில்ல. ஆனா நீ எப்போ வந்து நின்ன? மொதல்ல நின்னது அவருதான?" என்று கேட்டது. இல்லம்மா, முதலிலிருந்தே நான்தான் என்றேன். "போடா, எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? உச்சில காலணா அளவு வழுக்கை இருந்துச்சே" என்றது. முனிரத்தினத்துக்கு உச்சியில் வழுக்கை உண்டு. எனக்கு அப்போது சீப்பு உடைகிற முடி.

இன்னும் ஒன்று, அதை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நைனா திட்டும்போது சொன்னார், "அவ திரும்புங்கன்னு கூப்டப்புறம் இன்னாத்துக்குடா அவ்ளோ நேரம் நின்ன? ஒதடு மட்டும் ஆடிக்கினே இருந்துச்சு, எனக்கு உயிர் போயிட்ச்சு." நான் உடனே திரும்பிவிட்டேன் என்று சாதித்தேன். எனக்கு இன்றைக்கும் அப்படித்தான் ஞாபகம்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் நான் ஏகாம்பரமாக இருந்தேன். வேறு எதுவும் நடக்கவில்லை. என் வாயில் என் வசனம்தான் வந்தது. அக்கா என்னிடம் கீழேயும் நன்றாகப் பேசுவார், உரக்க, திட்டுவார், சிரிப்பார். தனியாக இருக்கும்போதும் பேசிக்கொண்டிருப்பார், சமையல் செய்துகொண்டே. முதலில் என்னிடம்தான் பேசுகிறார் என்று நினைத்து நான் 'என்னக்கா' என்று போய் நிற்பேன். அப்புறம் பழகிவிட்டது.

ஊரில் அங்கே இங்கே டெலிவிஷன் பெட்டி வந்தது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறைந்தது, நைனா கம்பெனியைக் கலைத்தார். அக்கா செவ்வாப்பேட்டையில் தம்பி வீட்டுக்குப் போவதாக முடிவு. காலை வண்டிக்கு நான்தான் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு போனேன். பச்சைப் பெட்டி. காசைக் கையில் கொடுத்து, "ரெண்டு டிக்கெட் வாங்குடா" என்றார். நடுவில் வண்டி மாற வேண்டும், பெட்டி கனம், வீடு வரை என்னைக் கூட்டிப் போகிறார் என்று நினைத்து வாங்கினேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார், "அன்னிக்கு நீ ரெண்டு கேட்ட, தெரியுமா?"

"ரெண்டா? ஒண்ணுதானக்கா கேட்டேன்?"

"ஒண்ணு ஊருக்கே கேட்டுச்சு. ரெண்டாவது, திரும்புங்கன்னு சொன்னப்புறம், நா தோள்ல தல வெச்சிக்கினு இருந்தப்போ, மெதுவா."

"நா இன்னாக்கா கேட்டேன்?"

"உனுக்கு எதுக்குடா அது?" என்று சிரித்தார். "சரின்னுட்டேன். அவ்ளோதான்."

வண்டி வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு நானும் ஏறப் போனேன். அக்கா கையை நீட்டி இரண்டு டிக்கெட்டையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "நீ எங்கடா வர்ற? எறங்கு, வேலைக்கு நேரமாவுது பாரு" என்றார். சரி, ஏதோ குழப்பம், வயதாகிறது என்று நினைத்து இறங்கினேன். நான்கு அடி நடந்திருப்பேன். பின்னாலிருந்து அந்தக் குரல், கோமளாவின் குரல், பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது.

"ஏங்க, வாங்க. வண்டி கெளம்புது."

நான்கு வருடப் பழக்கம், சட்டென்று திரும்பினேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடத்தில் வைத்திருந்த துணி மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"உன்ன இல்லடா கோபாலு."

வண்டி நகர்ந்தது. பிளாட்பாரத்தில் அந்த நேரத்துக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை, மூட்டையை எடுத்துக் காலி செய்த இடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி எதையோ பேசிக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. யாராவது அக்காவைப் பற்றிக் கேட்டால், நான்தான் ரயில் ஏற்றிவிட்டேன் என்று சொல்வேன். எத்தனை பேரை ஏற்றிவிட்டேன் என்று கேட்டால் மட்டும் எனக்குச் சொல்லத் தெரியாது.